சூரியப் புயல் வீசிய சாயங்காலம்

பொங்கலூரைத் தாண்டி மண்பாதையில் ராஜபாண்டி டேங்கர் லாரியைத் திருப்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பாதை முடிகிற இடத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது ஒரு தோட்டம். தலை கருகிய தென்னைகள். நடுவே ஒரு பெரிய கிணறு.

லாரிக்குள் சாயப்பட்டறைக் கழிவு தளும்பியது. அதைச் சுத்திகரிப்பு ஆலையில் சேர்ப்பதுதான் அவன் வேலை. வழியில் எங்கும் கொட்டிவிடக் கூடாதென்று வண்டியில் ஜிபிஎஸ் பெட்டி வைத்திருந்தார்கள். தடம் மாறினால் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் அன்று சூரியப் புயல். சூரியனிலிருந்து சீறி வந்தது வானத்தின் மேலடுக்கைக் கலக்கிவிட்டதாம். அதைக் கடந்து வரும் செயற்கைக்கோள் சிக்னல் தடுமாறுமாம். இருட்ட ஆரம்பித்தால் இன்னும் மோசமாம். காலையிலிருந்து டிவியில் இதே பேச்சு. பட்டறை முதலாளி அர்த்தநாரி அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு எந்த வண்டி எங்க நிக்குதுன்னு எவனுக்கும் தெரியாதுங்க தம்பி. கெணத்துல உட்டுப்போட்டு வந்துருங்க. கந்தவேலு எடம் காட்டுவாரு."

விளாத்திகுளத்திலிருந்து பிழைக்க வந்தவன். வேலை நிலைக்க வேண்டுமே என்று ராஜபாண்டி தலையாட்டிவிட்டான்.

கந்தவேல் பட்டறையில் பழைய ஆள். ஊர்க்காரர். கிணற்றுப் பக்கம் வரவே தயங்கி, லாரியை ஒட்டியே நின்றார். ராஜபாண்டி போனில் பார்த்தான். வண்டியைக் காட்டும் அம்புக்குறி ரோட்டிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து வாய்க்காலுக்கும் பைத்தியம் பிடித்தாற்போல் தாவிக்கொண்டிருந்தது.

டேங்கரின் ரப்பர் டியூபைக் கிணற்றுக்குள் இறக்கி வால்வைத் திறந்தான்.

கருநீலக் கூழாகக் கழிவு இறங்கியது. அழுகிய முட்டையும் கருகிய முடியும் கலந்த நாற்றம் மூக்கில் ஏறி, நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. எச்சிலைத் துப்பினான். துப்பத் துப்ப வாய் கசந்தது.

கொட்டுகிற சத்தம் கேட்கவில்லை.

மடக். மடக். மடக்.

யாரோ விழுங்குகிற சத்தம்.

டியூப் விறைத்தது. கீழேயிருந்து ஏதோ அதை உறிஞ்சியது, கன்று மடியை முட்டி முட்டிக் குடிப்பதைப்போல.

"என்னண்ணே இது?"

ராஜபாண்டியின் கையிலிருந்த போனில் அம்புக்குறி தாவுவதை நிறுத்தியிருந்தது.

கிணற்றின் நட்டநடுவில் நின்றது.

அப்போது உள்ளிருந்து குரல் வந்தது. மெதுவான, மரியாதையான குரல். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவதுபோல்.

"போதுங்க தம்பி... வயிறு நெறஞ்சு போச்சுங்க..."

ராஜபாண்டி பாய்ந்து வால்வை மூடினான்.

"யாருண்ணே உள்ள?"

"சென்னிமலைங்க," என்றார் கந்தவேல். "அவரு தோட்டந்தானுங்க இது. நம்ம பட்டறைத் தண்ணி ஊறி கெணறு கெட்டுப்போச்சு. மாடு கன்னெல்லாம் செத்துச்சு. ஒரு நா எங்க கண்ணு முன்னாடியே இந்தத் தண்ணிய மொண்டு மொண்டு குடிச்சுப்போட்டு, உள்ள குதிச்சுட்டாருங்க. பொணத்த மேல எடுத்து வயித்த அமுக்குனோம்... சாயமா வந்துச்சு."

"தெரிஞ்சுமா என்னைய இங்க கூட்டியாந்தீக?"

கந்தவேல் தலையைக் குனிந்துகொண்டார்.

டியூபை மேலே இழுத்தான். லேசில் வரவில்லை. வந்தபோது அதன் முனை வெதுவெதுவென்றிருந்தது. கெட்டி ரப்பரில் வரிசையாகப் பல் பதிந்த தடம். அதிலிருந்து நூல் நூலாய் எச்சில் தொங்கியது. கையை வேட்டியில் துடைத்தான், வழவழப்பு போகவில்லை. அங்கேயே குனிந்து குமட்டிக் குமட்டி வாந்தியெடுத்தான்.

கிணற்றுக்குள்ளும் யாரோ அதேபோல் குமட்டினார்கள்.

லாரியை எப்படித் திருப்பினான் என்று அவனுக்கு நினைவில்லை. மீதிக் கழிவோடு நேராகப் பட்டறைக்குப் போனான். அர்த்தநாரியின் ஆபீஸ் வாசலில் சாவியை வைத்தான்.

"இனிமே உங்க வண்டிய நான் தொடமாட்டேன். அந்தக் கெணத்துல என்ன கொட்டுனோம்னு யாரு கேட்டாலும் சொல்லுவேன்."

அர்த்தநாரி கத்தியது காதில் விழவில்லை. முதலிபாளையத்தில் வாடகை வீட்டுக்கு நடந்தே வந்தான். சோப்பு கரையும்வரை தேய்த்துக் குளித்தான். அவன் மனைவி முத்துப்பேச்சி தட்டில் சோறு போட்டு, ரசத்தை ஊற்றிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

வேண்டா வெறுப்பாக ஒரு கவளத்தை வாயில் வைத்தான்.

அவன் பக்கத்தில் கை கழுவும் தொட்டியின் ஓட்டைக்குள்ளிருந்து ஏவ்வ்வ் என்று நீளமாய் ஓர் ஏப்பம் எழுந்தது.

"ஒரு வாய் திங்குறதுக்குள்ள என்ன ஏப்பம்?" என்று முத்துப்பேச்சி திரும்பாமலே சிரித்தாள்.

அவன் வாயில் அந்த முதல் கவளம் இன்னும் அப்படியே இருந்தது.