பயன்பாட்டில் இல்லாத துணைக்கோப்பு

கோப்புறைக்குள் அவருடைய இருமல் இருந்தது.

கணினி மந்தமாகிவிட்டதே என்று ஞாயிறு மதியம் அதில் குப்பை கூட்ட உட்கார்ந்த கணக்காளர், அந்த ஒலியை மறுபடி ஓடவிட்டுக் கேட்டார். சந்தேகமில்லை. காலையில் பல் துலக்கும்போது வருகிற அதே வறட்டு இருமல்.

அலுவலகத்தில் 'மக்கள் ஈடுபாட்டுத் தலைமை வழிகாட்டி' என்று ஒருவர் உண்டு. பதவியின் நீளத்துக்கு வேலை கிடையாது. ஆகவே தினமும் காணொளிக் கூட்டம் நடத்துவார். எல்லா முகமும் திரையில் தெரிய வேண்டும், எல்லாத் தலையும் ஆட வேண்டும். ஆட்டி ஆட்டி அலுத்த கணக்காளர், தமக்குப் பதிலாகத் திரையில் உட்காரும் 'ஆஜர்' என்ற செயலியை நிறுவிக்கொண்டார். நிறுவும்போது அது நீளமாக ஏதேதோ கேட்டது. அவர் வீட்டில் யாரும் அதையெல்லாம் படிப்பதில்லை. மகளுக்கு விளையாட்டு ஏற்றிக் கொடுத்த நாளிலேயே அவர் சொல்லி வைத்திருந்தார்: "படிச்சா விடிஞ்சுரும். ஆமான்னு அமுக்கு."

ஆஜர் அவரைவிட நன்றாகவே தலையாட்டியது. "இப்பதான் சார் உங்க முகத்துல உயிரே தெரியுது," என்று தலைமை வழிகாட்டி பாராட்டினார்.

செயலி தனியாக வராது என்பது அவருக்குத் தெரியும். மாப்பிள்ளை ஒருவர், கூட வரும் சொந்தக்காரர்கள் ஒரு வேன் என்கிற கணக்கில் துணைக்கோப்புகளும் வந்து இறங்கும். யார் எதற்கு வந்தார்கள் என்று தெரியாது. ஒருவரைக் கிளப்பினால் வேறெதுவோ நின்றுபோகும்.

ஆஜரின் கோப்புறையில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தார். கண் சிமிட்டல். தொண்டைச் செருமல். 'சரிங்க சார்', இருப்பதிலேயே பெரிய கோப்பு அதுதான். இவையெல்லாம் கூட்டத்துக்கு வேண்டும். குளிக்கும்போது முணுமுணுக்கிற மெட்டு எதற்கு? மகள் பிறந்தபோது மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுத அழுகை எதற்கு? அன்றைக்கு இந்தக் கணினியே கிடையாதே.

மெட்டை முணுமுணுத்துப் பார்த்தார். நினைவில்லை. இருமிப் பார்த்தார். காற்றுதான் வந்தது.

ஆஜர் நகலெடுக்கவில்லை. எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

பயம் வரவேண்டிய இடம். வரவில்லை. அதுவும் உள்ளேதான் எங்காவது கிடக்கும்.

ஆஜரை நீக்கும்படி கட்டளை கொடுத்தார். 'சரிபார்க்கப்படுகிறது' என்று ஒரு கோடு மெல்ல ஊர்ந்தது. குவளையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். குளிர்பெட்டியின் ரீங்காரம், குழாயில் நின்று நின்று விழும் சொட்டு, காலையில் கருகிய பாத்திரத்தின் வாடை, எல்லாம் பக்கத்து வீட்டில் நடப்பதுபோல் இருந்தன. குளிர்ந்த நீர் குளிரவில்லை. வெறுங்காலுக்குத் தரை தெரியவில்லை.

அறைக்குள்ளிருந்து சிரிப்பு கேட்டது. அவருடைய சிரிப்பு.

குவளையோடு வாசலுக்கு வந்தார். கணினி முன்னால் மனைவியும் மகளும். திரையில் அவர்.

"அப்பா, யானை மாதிரி செஞ்சு காட்டுங்கப்பா."

திரையில் இருந்தவர் செய்தார். மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இத்தனை வருசமா இந்த மனுசனை எங்கங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

அப்போது ஒரு கேள்விப் பெட்டி முளைத்தது. வாசலிலிருந்தே படித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, முழுதாக.

'மீதமுள்ள துணைக்கோப்பு: அறை வாசலில். இதை இப்போது யாரும் பயன்படுத்தவில்லை. நீக்கவா?'

"என்னமோ கேக்குதுங்க," என்றாள் மனைவி.

"படிச்சா விடிஞ்சுரும்," என்றது திரை, அவர் குரலில். "ஆமான்னு அமுக்கு."

வாயைத் திறந்தார். குரல் திரையில் இருந்தது. கதவு நிலையைப் பிடித்தார். மரம் தெரியவில்லை. கை தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

மகள் எட்டி அமுக்கினாள்.

வாசலில் குவளை விழுந்து உருண்டது. தண்ணீர் பரவியது.

"குவளைய யாரு இங்க கொண்டாந்து வெச்சது?" மனைவி திரும்பிப் பார்த்தாள். மகளும் பார்த்தாள்.

திரையில் இருந்தவரும் அந்த வெற்று வாசலையே பார்த்தார். பார்த்தபடி, நிதானமாக, மிக மரியாதையாகத் தலையாட்டினார்.