சனிக்கிழமைச் சோறு

அண்ணை ஊரில் கோயில் வாசலையே மிதிக்காத ஆள். ரொறன்ரோவில் தங்கை கோணேஸ்வரியிடம் வந்த பிறகு சனிக்கிழமைதோறும் சமைத்து, விளிம்பு உடைந்த நீல எனாமல் தட்டில் சோறும் பருப்பும் போட்டு, ரீவிக்கு மேலே வைக்கத் தொடங்கினார்.

"காகத்துக்கு."

"பதினாலாம் மாடிக்குக் காகம் லிப்டிலையோ வரும்?" என்று கோணேஸ்வரி பகிடி பண்ணினாள். பிறகு நம்பினாள். அண்ணை சொல்லி அவள் எதை நம்பவில்லை? தம்பி நகுலன் ஜெர்மனியில் நிற்கிறான், பங்குனிக்குள் வந்துவிடுவான் என்றார். அதையும் நம்பி அவனுக்கொரு குளிர்க் கோட்டு வாங்கிக் கதவில் கொழுவியிருந்தாள்.

எண்பத்தாறாம் ஆண்டு மாசி. பனி கொட்டியதில் அவள் வேலை செய்த பாக்டரியை மத்தியானத்தோடு மூடிவிட்டார்கள். சனிக்கிழமையில் அவள் நேரத்தோடு வீட்டுக்கு வந்தது அதுதான் முதல்தடவை. அண்ணை குளியலறையில் நின்றார். ரீவியில் நகரத்து பார் ஒன்றிலிருந்து புளூஸ் நிகழ்ச்சி நேரடியாக ஓடிக்கொண்டிருந்தது: சிகரெட் புகைக்குள் வியர்த்த கறுப்புக் கிழவர் ஒருவர் கண்களை மூடி, கிற்றாரின் ஒரே கம்பியை இழுத்து இழுத்து அழவைக்க, வெந்த பருப்பின் வாசத்தோடு எங்கிருந்தோ உப்புத் தண்ணீரின் கவிச்சியும் சேர்ந்து ஹோலுக்குள் பரவியது.

கமரா சனத்தின் பக்கம் திரும்பியது.

மூன்றாவது மேசையில் நகுலன்.

தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. சேர்ட் நனைந்திருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நீலத் தட்டில். விளிம்பு உடைந்த தட்டில்.

அவள் நிமிர்ந்து ரீவிக்கு மேலே பார்த்தாள். தட்டு இல்லை. ஈர வட்டம் மட்டும்.

"ஆர் உன்னை இப்ப வரச் சொன்னது?" பின்னால் அண்ணை. தலை துவட்டிய துவாய் தோளில். "நிப்பாட்டு உந்த ரீவியை."

"தம்பி எங்கை?"

"ஜெர்மனி..."

"டேய். தம்பி எங்கை?"

வாழ்நாளில் அவள் அண்ணையை டேய் என்றதில்லை. அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னார்க் கடலிலை படகு கவிண்டது. என்ரை கையைப் பிடிச்சவன். ரெண்டு பேரும் தாழப் போனம் கோணேசு. நான்... உதறினன்."

"ரெண்டு வருசம். ரெண்டு வருசமா என்னைக் கோட்டு வாங்கப் பண்ணி, பாத்துக்கொண்டு இருந்தனி."

கதவில் தொங்கிய கோட்டைப் பார்த்தாள்.

திரும்பினாள். கதிரை இருந்தது. துவாய் தரையில் கிடந்தது. செருப்புகள் இரண்டும் சோடியாக நின்றன. அண்ணை இல்லை.

ரீவியில் கிழவர் அடுத்த பாட்டைத் தொடங்கினார்.

மூன்றாவது மேசையில் இப்போது இரண்டு பேர். நகுலன் சோற்றைக் குழைத்தான். உருட்டினான். அண்ணையின் வாயில் வைத்தான். பிறகு இன்னொன்று. முந்தினதை விழுங்க முதலே இன்னொன்று. கன்னங்கள் உப்பின. கண்கள் பிதுங்கி நேரே அவளைப் பார்த்தன. தட்டில் சோறு குறையவில்லை.

நகுலனின் மற்றக் கை அண்ணையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

இறுக்கி.

விடவில்லை.