உயிர்க்கோலைக் காணோம்

ஞாயிறு மாலை 4.10. வீடியோ கேமின் பொதுப் பெட்டியைத் திறந்தவளுக்குப் பகீரென்றது. உயிர்க்கோலைக் காணோம்.

கணவன், கொழுந்தன், அவள் மூவரும் சேர்ந்து ஆடும் மாயலோக விளையாட்டு அது. கணவன் வாள்வீரன், கொழுந்தன் வில்லாளி, அவள் வைத்தியக்காரி. விழுந்தவர்களை எழுப்பும் அந்தக் கோலை மூன்று வாரம் மல்லுக்கட்டி ஜெயித்திருந்தாள். ஐந்து மணிக்குப் போட்டி.

பெட்டியை மூவரும் மொபைலிலேயே திறக்கலாம். கடைசியாகத் திறந்தது 3.40. யாரென்று காட்டவில்லை. அப்போது அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கணவன் தூங்கினானாம்.

கணவன் பக்கத்தில் நிற்க, அவள் கொழுந்தனிடம் பாய்ந்தாள். "நீதானே எடுத்தே? போன வாரம் உன் நண்பனுக்குக் கேட்டியே!"

"நான் தொடவே இல்லை அண்ணி." கொழுந்தன் முகம் சுண்டிப்போய் அறைக்குள் போனான். கதவு சாத்திக்கொண்டது.

4.25. நாத்தனார் வந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. எதையும் இரண்டாம் முறை பார்க்காமல் நம்பமாட்டாள். நடந்ததைக் கேட்டுவிட்டு அண்ணனிடம் திரும்பினாள்.

"அண்ணா, எப்ப எழுந்தே?"

"நாலு மணிக்கு."

"அந்தக் கோலைக் கையில எடுத்திருக்கியா?"

"அவளோடதை நான் எதுக்குத் தொடணும்?"

"சரி. அண்ணி, நீங்க வேற சாமான் தேர்ந்தெடுங்க."

அவள் மொபைலில் கனமான கவசத்தை வேண்டாமென்று ஒதுக்கினாள். லேசான அங்கியையும், மந்திர சக்தி சீக்கிரம் தீராத மோதிரத்தையும் எடுத்தாள். கோலில்தான் இழுபறி. கணவன் எட்டிப் பார்த்தான்.

"மூங்கில் கோலையே எடு. யார் எத்தனை தடவை விழுந்தாங்கன்னு அது காட்டிக்கொடுக்காது."

நாத்தனார் நிமிர்ந்தாள். "உயிர்க்கோல் காட்டுமா அண்ணி?"

"கையில பிடிச்சாதான் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லலை."

கோல் காட்டிய கணக்கில் கொழுந்தன் விழுந்தது ஆறு தடவை, கணவன் நாற்பத்தொன்று. அதனால்தான் சொல்லவில்லை.

"தொடாத கோல்ல இருந்தது உனக்கு எப்படித் தெரியும் அண்ணா? எடுத்தது நீதான்."

அவன் தரையைப் பார்த்தான். "ஆபீஸ்ல எல்லாரும் போட்டியைப் பார்ப்பாங்க. ஜெயிச்சா கோலை அந்தக் கணக்கோட பெரிய திரையில காட்டுவாங்க. வீராப்பா பேசி வச்சிருக்கேன்... தூங்கற மாதிரி படுத்து, மொபைல்ல திறந்து, எரிமலையில வீசிட்டேன்."

"அவனை நான் திட்டினப்போ சும்மாதானே நின்னீங்க!"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பழி போட்டது தன் வாய். போய்க் கதவைத் தட்டினாள்.

"தம்பி, தப்பு என்மேல. விசாரிக்காம உன்னைத் திருடனாக்கிட்டேன்."

கதவு ஒரு கை அகலம் திறந்தது. கண்கள் சிவந்திருந்தன.

"என்னைப் போய் அப்படி நினைச்சீங்களே அண்ணி."

அவள் பின்னால் கணவன் வந்து நின்றான். "நான்தான்டா எடுத்தேன்" என்று சொல்ல அவனுக்கு மூன்று தடவை தொண்டையைச் செரும வேண்டியிருந்தது.