துண்டுல வாசனை இல்ல

துண்டுல வாசனையே இல்ல.

அவ மறுபடியும் மூக்கோட சேத்து வச்சுப் பாத்தா. நாய்க்குட்டியோட முதுகு, வயிறு, காதுக்குப் பின்னாடின்னு பத்து நிமிஷம் தேய்ச்ச துண்டு. பால் வாசனை, ஈர முடி வாசனை, ஒரு மூத்திர நாத்தம்... ம்ஹூம், எதுவும் இல்ல. அப்பதான் கடையில பிரிச்ச துணிக்குக்கூட ஏதோ ஒரு வாசனை இருக்கும்.

தேய்க்கச் சொன்னது நாய் டாக்டர். "புதுசா வந்ததப் பாத்து பொறாமைம்மா. சாப்பாடு பழைய நாய்க்கு முதல்ல வை. குட்டியத் துடைச்ச துண்ட அது படுக்கையில போடு. வாசனை பழகிட்டா சண்டை தீந்துடும்."

பழைய நாய்க்கு வீட்ல பேரு பெருசு. பதினோரு வயசு. அப்பா விட்டுட்டுப் போனதுலேர்ந்து அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில ராத்திரி டூட்டி. வீட்ல தனியா படுக்குற அவளுக்குத் துணைன்னா பெருசோட குறட்டைதான். குட்டிக்குப் பேரு சிறுசு. மழையில வாசல்ல நின்ன அத அம்மா உள்ள தூக்கிட்டு வந்து ஆறு நாள் ஆச்சு. ஆறு நாளா அந்தக் குறட்டை இல்ல. பெருசு தூங்குறதே இல்ல. அவ கட்டிலுக்கும் சிறுசோட அட்டைப்பெட்டிக்கும் நடுவுல, முதுகை அவ பக்கம் வச்சு, பெட்டியப் பாத்துப் பல்லக் காட்டிக்கிட்டு விடிய விடிய நிக்குது.

போன்ல அம்மா. "இன்னைக்கும் உர்ருங்குதா?"

"கடிக்கலம்மா. சும்மா நிக்குது."

"உர்ருங்குதா இல்லையா, அதச் சொல்லு."

"...உர்ருங்குது."

"பொறாமையில என் மாமியாரையே தூக்கிச் சாப்பிட்டுடும் போல! காலையில நான் வர்றப்பவும் இப்படி நின்னுச்சுன்னா, பெருச நாய் காப்பகத்துல விட்டுடுவேன். சொல்லிட்டேன் பாப்பா."

வச்சுட்டாங்க. விடியறதுக்குள்ள பெருசு மாறணும். இல்லன்னா இந்த வீட்ல ராத்திரி அவ மட்டும்தான்.

அப்பதான் அந்த யோசனை வந்துச்சு. குட்டிக்குத்தான் வாசனை இல்ல, தனக்கு இருக்கே. பெருசு உலகத்துலயே நம்புறது அவ வாசனை ஒண்ணத்தானே? ரெண்டு நாளா போட்டிருந்த டீ-சர்ட்டக் கழட்டி, வேற ஒண்ணு மாட்டிக்கிட்டு, சிறுச அதுல சுத்தினா. பெருசு குறுக்க வந்து அவ மணிக்கட்டப் பல்லால கவ்வி, வலிக்காம பின்னாடி இழுத்துச்சு. "சும்மா இரு பெருசு, உனக்காகத்தான்." சிறுசு கத்தல, நெளியல. டீ-சர்ட்டுக்குள்ள மூக்கப் பொதச்சு மூச்ச இழுத்துச்சு. நீளமா. இழுத்துக்கிட்டே இருந்துச்சு. வெளிய விடவே இல்ல.

லைட்ட அணைச்சுட்டுப் படுத்தா. குழாய் சொட்டுற சத்தம், ஃபிரிட்ஜ் முனகிட்டு அடங்குற சத்தம், எங்கயோ தூரத்துல ஒரு லாரி மேடேறுற சத்தம், இது எல்லாத்துக்கும் அடியில பெருசோட உறுமல். அப்படியே கண்ணு சொருகிடுச்சு.

முழிச்சப்ப உறுமல் இல்ல.

டொப். டொப். டொப்.

வால் தரையில அடிக்கிற சத்தம். ஆறு நாளா கேக்காத சத்தம். அப்பாடான்னு இருந்துச்சு அவளுக்கு. "பெருசு"ன்னு கூப்பிட்டு இருட்டுல கைய நீட்டினா.

வால் நின்னுச்சு.

ஈர மூக்கு விரல்ல பட்டுச்சு. மோந்துச்சு. திரும்ப மோந்துச்சு.

உர்ர்ர்.

கைய இழுத்துக்கிட்டா. போன் லைட்டப் போட்டா. பெருசு அதே எடத்துலதான் நிக்குது. ஆனா திரும்பி நிக்குது. முதுகு பெட்டிப் பக்கம். பல்லு அவ பக்கம்.

"பெருசு, நான்தான்டா."

காது ரெண்டும் பின்னாடி படிஞ்சுச்சு. பயந்தா அது அப்படித்தான் செய்யும்.

தன் கைய மோந்து பாத்தா. ஒண்ணும் இல்ல. முடிய. அக்குள. தலகாணிய. ஒண்ணும் இல்ல.

பெட்டிலேர்ந்து மட்டும் வாசனை வருது. அவ ஷாம்பு. அவ வேர்வை. அவ.

டீ-சர்ட் கழுத்து வழியா ஒரு தல எட்டிப் பாத்துச்சு. பெருசு பின்னாடி சாஞ்சு அது மேல ஒட்டிக்கிச்சு.

ஜன்னல் வெளுக்க ஆரம்பிச்சப்ப வாசக் கதவுல சாவி திரும்புச்சு.

"பாப்பா? எழுந்துட்டியா?"

அவ வாயத் திறந்தா. அதுக்குள்ள சிறுசு, அவள மாதிரியே ரெண்டு கால்ல, எழுந்து நின்னுச்சு.