டர்போ ஆறும் நேரம்

“ஏம்மா... காரை வித்துட்டு வர்றியா, இல்ல காரையே கட்டிக்கினு இருந்துடப் போறியா?”

கண்ணமங்கலத்திலிருந்து பெண் பார்க்க வந்த அம்மாள் ஒருத்தி, காபி டம்ளரைக் கீழே வைக்காமலே மெர்சிலினிடம் ஒருமுறை அப்படிக் கேட்டாள். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மெர்சிலின் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்லக்கூட நாக்கு எழாமல், ஒன்பதாம் வகுப்போடு வீட்டில் நின்றுவிட்டவள் அவள். அன்றைக்கு மட்டும் எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் குரல்...

“வண்டி இருக்கட்டுங்க. நீங்க கெளம்புங்க.”

வந்தவர்கள் மிக்சரைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். அப்பா சந்தியாகப்பன் பல நாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு வருத்தம்தான். ஆனால் மறுநாள் காலை பானட்டைத் துடைத்தபோது அதில் தன் முகம் தெரிந்தது. அந்த முகம் அவளுக்கே பிடித்திருந்தது...

நாவல்பழ நிறத்தில் நீளமான பழைய செடான் கார் அது. வாணியம்பாடியில் ஒரு தோல் வியாபாரியின் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் ‘டர்போ’ என்ற சொல்லைக் கேட்டதும் பின்வாங்கினார்கள். ‘அது போச்சுன்னா வூட்டை வித்தாலும் கட்டாது’ என்று மெக்கானிக்குகளே பயமுறுத்தினார்கள். அதனால்தான் ஒரு புது மோட்டார் சைக்கிள் விலைக்கு, கல்யாண ஜாக்கெட் தைத்துச் சேர்த்த காசுக்கு, அது மெர்சிலினின் கைக்கு வந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. பின் இடது கதவு உள்ளேயிருந்து திறக்காது. முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு காரணமே இல்லாமல் எரிந்துகொண்டிருக்கும். கூரைத் துணி கிழிந்து தலையில் தொங்கியதை அவளே வெல்வெட் வாங்கித் தைத்து ஒட்டினாள். ஆனால் மலைப் பாதையில் மூன்றாம் கியரில் வைத்து மிதித்தால்... ஒரு நொடி யோசிக்கும். பிறகு அடியிலிருந்து மெல்லியதாய் ஒரு விசில் கிளம்பும். யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி வண்டி பாயும். போன மாதம் வாங்கிய கார்கள் எல்லாம் மூச்சிரைத்து ஒதுங்கி வழிவிடும். அப்போது மெர்சிலினின் தாடை லேசாக உயரும். அது அவளுக்கே தெரியாது.

ஆலங்காயத்திலிருந்து, காவலூர் தாண்டி மலை மேலிருக்கும் மாதா கோயிலுக்குப் போகும் கல்யாணப் பெண்கள் அவள் காரைத்தான் வாடகைக்குக் கேட்டார்கள். முக்காடு கசங்காது... வளைவுகளில் வயிறு கலங்காது.

அப்படித்தான் ஆவணியில் ஒரு காலை, ஜெனிஸ் என்ற பெண்ணின் கல்யாணத்துக்காக அவள் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு டீ குடிக்க உள்ளே போனாள் மெர்சிலின். திரும்பி வந்து பார்த்தால்...

காரின் முகத்தையே காணோம்!

ரோஜாவும் சம்பங்கியும் கலந்து, பாய் மாதிரி அகலமாய் ஒரு பூ வேலை. முன்பக்கம் முழுவதையும் மூடி இறுக்கிக் கட்டியிருந்தது. அதன் முன்னால் ஒருவன் இடுப்பில் கை வைத்து, தலையைச் சாய்த்து ரசித்துக்கொண்டிருந்தான்.

மெர்சிலின் நேரே போனாள். இரண்டு கையாலும் பூப்பாயைப் பிடித்து இழுத்தாள்.

“இன்னாங்க! இன்னா பண்றீங்க?” பதறிக்கொண்டு ஓடி வந்தான் அவன்.

“மூடக்கூடாதுங்க...”

“எத?”

“வாயை.”

அவன் சட்டென்று வாயை மூடினான். பிறகு மெதுவாகத் திறந்தான். “என் வாயையா, வண்டி வாயையா?”

சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அடக்கிக்கொண்டாள். “வண்டி வாயை. டர்போ வண்டிங்க இது. முன்னாடி காத்து போனாத்தான் மலை ஏறும். இப்படி அடைச்சா பாதி மலையில கொதிச்சி நின்னுடும். அப்பால பொண்ணு நடந்துதான் போவணும்.”

“நான் எத்தினி கார் கட்டியிருக்கேன் தெரியுமா? ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுல தெரசம்மா பூக்கடைன்னா கேட்டுப் பாருங்க. நான் அவங்க பையன், டேனி. நான் பூ கட்டுன ஒரு வண்டிகூட நின்னதில்ல.”

“அதெல்லாம் சும்மா வண்டிங்க.”

தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொன்ன விதத்தைக் கேட்டு டேனி காரை இன்னொரு முறை ஏற இறங்கப் பார்த்தான்.

பெண்ணின் மாமா குறுக்கே வந்தார். “யம்மா, பூ இல்லாத கார்ல பொண்ணு வந்து எறங்குனா கோயில் வாசல்ல ஊரே சிரிக்குமே!”

டேனி கீழே விழுந்த பூப்பாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். “கோயிலுக்கு முந்தின வளைவுல நிறுத்துங்க. அங்க கட்டித் தர்றேன். கட்டுன பூவை அவுத்துக் கட்டறது எனக்கு இதான் மொத தடவை... நல்லா இருங்க!”

மலை அடிவாரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. மெல்லிய தூறல்... மூங்கில் புதர்கள் எல்லாம் தலை குளித்து நின்றன. தரையில் கால் வைத்திருக்கும்வரை கூனிக் குறுகி நின்ற பெண், ஸ்டியரிங் பிடித்ததும் வேறு ஆளாகிவிட்டதை டேனி பார்த்தான். விசில் கிளம்பியது. கார் பாய்ந்தது. பின்னால் ஜெனிஸ் “ஐயோ!” என்று கத்தி, பிறகு கலகலவென்று சிரித்தாள். டேனி பூவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

“இன்னாங்க, பயமா?”

“எனக்கா? பூவுக்குங்க... அதுதான் பயப்படுது.”

இந்த முறை மெர்சிலினால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள். சிரித்தபடி திரும்பியவள் அவன் கண்களைப் பார்த்தாள். ஜன்னல் வழியாகத் தெறித்த ஒரு துளி அவன் இமை மேல் நின்றிருந்தது... அடுத்த வளைவுக்கு ஹாரன் அடிக்க மறந்தே போனாள்.

மேலே போய், கோயிலுக்கு முந்தின வளைவில் நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கவில்லை.

“அணைங்களேன். டீசல் வீணாப் போவுது.”

“ஆறணுங்க. ஏறி வந்ததுல டர்போ உள்ள செவந்து கீது. கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டாத்தான் எண்ணெய் போய் ஆத்தும். சட்டுனு அணைச்சா கெட்டுப் போயிடும்.”

டேனி யோசித்தான். “ஓ... ஓடி வந்தவங்களைச் சட்டுனு உக்காரவெக்கக்கூடாது. அந்த மாதிரியா?”

மெர்சிலின் நிமிர்ந்தாள். இத்தனை நாள் எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறாள்... ‘ஓட்டை வண்டிக்கு இவ்ளோ உபசாரமா’ என்றுதான் கேட்டிருக்கிறார்கள். இவனுக்கு மட்டும் ஒரே சொல்லில் புரிந்துவிட்டதே...

அடுத்த கல்யாணத்தில் டேனி வேறு மாதிரி பூ கட்டினான். விளக்குகளைச் சுற்றி இரண்டு வளையம். பானட்டின் ஓரமாய் இரண்டு சரம். வண்டியின் வாய் திறந்தே இருந்தது. பார்த்தால் கார் சிரிப்பது போல இருந்தது. கோயில் வாசலில் எல்லாரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். டேனி தன் பூவைப் பற்றிப் பெருமையடித்தான். மெர்சிலின் பெருமையடிக்கவில்லை. மழைத்துளியைத் துடைக்கிற சாக்கில் காரைத் தட்டிக்கொடுத்தாள்.

சனிக்கிழமை தோறும் கல்யாணம். ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பிறகும் டர்போ ஆறும் நேரம். அந்த நேரம் மட்டும் அவர்களுடையது. அவன் பேசுவான், அவள் கேட்பாள். வர வர அவளும் பேசினாள்.

“இன்னும் ஆறலியா மெர்சி?”

“இன்னிக்கு... ஏத்தம் கொஞ்சம் ஜாஸ்திங்க.”

“அதே மலைதானே?”

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காது மடல் சிவந்திருந்தது.

புரட்டாசிக் கடைசியில் ஒருநாள், பெண் காருக்கான சரத்தை வாங்கப் பூக்கடைக்குப் போனாள். ‘டேனி இருப்பான்...’ என்ற நினைப்பில் புதுத் துப்பட்டா போட்டிருந்தாள். தெரசம்மாள் பலகை மேல் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். டேனி அவள் காலடியில் ரோஜா ஆய்ந்துகொண்டிருந்தான்.

“நீதானா அந்தக் காரு பொண்ணு?” தெரசம்மாளின் விரல்கள் நிற்கவில்லை. “ஊர்ல இன்னா பேசிக்கிறாங்கன்னு எனக்கும் தெரியும். இத பாரும்மா, எனக்கு வர்ற மருமவ இந்தப் பலகையில உக்காந்து பூ கட்டணும். சாவியச் சுத்திக்கினு மலை ஏறி டிரைவர் வேலை பாக்கறவ எனக்கு வேணாம். அந்த ஓட்டை வண்டிய எடைக்குப் போட்டுட்டு வர்றதுன்னா வா... பேசலாம்.”

மெர்சிலின் டேனியைப் பார்த்தாள்.

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன். பூவுக்கே பயம் என்று சொன்னவன். ஒரு வார்த்தை சொன்னால் போதும்... ஒரே ஒரு வார்த்தை...

டேனி நூலைப் பல்லால் கடித்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் சரத்தை வாங்காமலே திரும்பினாள். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் அழுகை வந்தது. ஓட்டை வண்டி என்றது வலிக்கவில்லை. அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. அவன் பேசாமல் இருந்தானே, அதுதான்...

அதற்கப்புறம் அவள் காருக்குப் பூ இல்லை. வெள்ளைச் சாட்டின் ரிப்பனில் அவளே பெரிய பெரிய முடிச்சுகள் தைத்துக் கட்டினாள். அதுவும் அழகாகத்தான் இருந்தது. டேனி போன் செய்தான். எடுக்கவில்லை. ‘காரை விட்டுட்டு வான்னு இவனும் சொல்லத்தான் போறான். அதை எதுக்குக் காது குளிரக் கேக்கணும்?’

ஐப்பசி அடைமழை. மலைக்கோயிலில் கல்யாணம். அது முடிந்ததும் மணமக்களை அழைத்து வர மெர்சிலின் காலியாகப் போய்க்கொண்டிருந்தாள். ரோடெல்லாம் செம்மண் தண்ணீர் ஓடியது. நடு மலையில், ஒரு வளைவின் ஓரம் லோடு ஆட்டோ ஒன்று புகை விட்டு நின்றிருந்தது. பக்கத்தில் இரண்டு பூக்கூடைகளுக்குத் தன் மழைக்கோட்டைப் போர்த்திவிட்டு, முழுக்க நனைந்தபடி டேனி.

கையைத் தூக்கினான். யார் கார் என்று தெரிந்ததும் பாதியிலேயே இறக்கிக்கொண்டான்.

மெர்சிலின் தாண்டிப் போய்விட்டாள். தாண்டினவள்... கண்ணாடியில் பார்த்தாள். கோயிலில் ஒரு பெண் மாலைக்காகக் காத்திருப்பாளே... பிரேக் போட்டாள். வண்டியைப் பின்னுக்கு எடுத்து வந்து நிறுத்தினாள்.

“ஏறுங்க. மாலைக்காகத்தான்.”

“மாலைய மட்டும் கொண்டுபோங்க. எங்கம்மா ஜீப்புல முன்னாடியே போய்ட்டாங்க, கோயில்ல இருப்பாங்க. நான் நடந்து வர்றேன்.”

“நனைஞ்சி காய்ச்சல் வந்தா அதுக்கும் எங்க வண்டியத்தான் திட்டுவாங்க. ஏறுங்க.”

கூடைகள் பின் சீட்டில். அவன் முன் சீட்டில். வைப்பர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. எதிரே ஓடிவந்த தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, விசிலடித்தபடி, ஒரு இடத்தில்கூடத் திணறாமல் ஏறியது கார். ஒதுங்கி நின்ற புது வண்டிகளை ஒவ்வொன்றாகத் தாண்டியது. மெர்சிலினின் தாடை உயர்ந்தது. அவன் பக்கத்தில் இருக்கிறான் என்பதற்காக அதை அவள் தாழ்த்திக்கொள்ளவில்லை.

கோயிலுக்கு வெளியே வந்து நிறுத்தினாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டேனி இறங்கவில்லை.

“மெர்சி... அன்னிக்கு நான் பேசியிருக்கணும்.”

அவள் கண்ணாடியையே பார்த்தாள்.

“அப்பா போனதுல இருந்து எங்கம்மா ஒண்டியா அந்தப் பலகையில உக்காந்து என்னை வளத்தாங்க. எதுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்ல. ஆனா... உன்னை எனக்குப் பிடிக்கும். மலை ஏர்றப்ப உன் மூஞ்சில ஒரு கர்வம் வரும் பாரு, அந்த மூஞ்சிதான் பிடிக்கும். அதை எறக்கி வெச்சிட்டுப் பலகையில வந்து உக்கார்ற மெர்சி எனக்கு வேணாம்.”

மெர்சிலின் வைப்பரை நிறுத்தினாள். மழை கண்ணாடியில் வழிந்து வழிந்து உலகத்தையே கலைத்தது. எந்த வளைவிலும் இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை...

“எனக்கும் பிடிக்கும்.” குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் உடையவில்லை. “ரொம்பப் பிடிக்கும். ஆனா இத எங்கிட்ட வந்து சொன்னா போதுமா? அன்னிக்கு யார் முன்னாடி தலை குனிஞ்சீங்களோ, அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. சொல்லிட்டு வந்தா... இந்த சீட்டு உங்களுக்குத்தான்.”

கோயில் வாசல் தூணோரம் தெரசம்மாள் குடை பிடித்து நின்றிருந்தாள். காரைப் பார்த்துவிட்டுக் கையை வீசிக் கத்தினாள். “டேய் டேனி! மாலை எங்கடா? பாட்டு ஆரம்பிச்சிட்டாங்கடா! கூடையத் தூக்கிக்கினு ஓடியா!”

டேனி அம்மாவைப் பார்த்தான். மெர்சிலினைப் பார்த்தான். கதவைத் திறந்து மழையில் இறங்கினான்.

பின் சீட்டில் இருந்த கூடைகளை அவன் தொடவில்லை. வெறும் கையோடு, அன்றைக்குக் குனிந்த தலையை நிமிர்த்தி, “அம்மா, மொதல்ல ஒண்ணு சொல்லணும்” என்றபடி அம்மாவை நோக்கி நடந்தான்.