இடப்பக்கம் சாய்ந்த கப்பல்

பெர்கன் துறைமுகத்தின் விபத்து விசாரணை அறைக்குள் நுழைந்தபோது நிரலாளர் சுன்னிவாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"ரோவார் கப்பல் காலையில கவிழப் பார்த்துச்சு, ஹால்வார். வலப்பக்கம் கனமா இருக்குன்னு என் புரோகிராம் காட்டியிருக்கு. அதை நம்பி, சமன் பண்ண இடப்பக்கத் தொட்டியில தண்ணி ஏத்தியிருக்காங்க. ஆனா இடப்பக்கம்தான் முதல்லயே கனம். நான் வேணும்னே கை வச்சேங்கறாங்க!"

விசாரணையாளர் ஹால்வார் காப்பியை அவள் பக்கம் நகர்த்தினார். "வச்சீங்களா?"

"குளிர்காலத்துக்கு அப்புறம் தொடவே இல்ல."

"அப்போ வேற எவனோ மாத்தியிருக்கான்!" என்று துள்ளினாள் உதவியாளர் இங்கெபியோர்.

"அவசரப்படாதம்மா."

ஹால்வார் கப்பலின் கணினியைக் கொண்டுவரச் செய்தார். அதிலிருந்த புரோகிராமில் எவரும் கைவைத்திருக்கவில்லை. ஆனாலும் எண்கள் தப்பு. சுன்னிவா அதே மூலநிரலிலிருந்து புரோகிராமை அங்கேயே புதிதாகத் தயாரித்து ஓட்டினாள். எண்கள் சரி!

"கப்பல்ல புதுசா வந்தது எது?"

"தொட்டி அளவுகளைப் படிச்சுக் கொடுக்கற லைப்ரரிங்கற பொது நிரல். எல்லா புரோகிராமும் அதைத்தான் பயன்படுத்துது. அதைப் பார்த்துக்கற டோர்ஸ்டைன் புதுப்பிச்சார். ஆனா பேரும் அதேதான், பேர்ல இருக்கற மூணுங்கற பதிப்பு எண்ணும் அதேதான்."

டோர்ஸ்டைன் சலிப்போடு வந்தார். "அது பெரிய மாற்றமே இல்லீங்க. புதுசா வச்ச நடுத்தொட்டியை இடையில சேர்த்தேன். அவ்வளவுதான்."

"இடையிலயா, கடைசியிலயா?"

"இடையிலதான், ரெண்டாவதா."

"முன், இடம், வலம். பழைய புரோகிராமுக்குத் தெரிஞ்ச வரிசை இது," என்றார் ஹால்வார். "நீங்க ரெண்டாவதா நடுத்தொட்டியைச் செருகினதும், இடப்பக்கத்து அளவு மூணாவது இடத்துக்குப் போயிடுச்சு. பழைய புரோகிராம் அதை வலம்னு படிச்சுது. புது லைப்ரரியை வச்சு இன்னைக்குத் தயாரிச்சதுக்குப் புது வரிசை தெரியும். வரிசை மாறினா எண்ணை நாலுன்னு மாத்தணும். தெரியாதா?"

"தெரியும். மாத்தினா பழைய புரோகிராம் எதுவுமே ஓடாது. கோடைப் பயணிகள் கூட்டத்துல கப்பலெல்லாம் நின்னுடும். எல்லாரும் என்னைக் கிழிச்சிருப்பாங்க."

"தப்பா ஓடறதுக்குப் பதிலா ஓடாமலே நிக்கட்டும்னுதான் அந்த எண்ணே."

சுன்னிவா பாய்ந்து எழுந்தாள். "வேற எந்தக் கப்பல்ல போட்டீங்க?"

"ஹெல்யா... இப்போ கடல்ல இருக்கு."

அவள் தொலைபேசியைப் பிடுங்கினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவழியாகக் கேப்டன் எடுத்தார்.

"சீக்கிரம் சொல்லும்மா. வலப்பக்கம் கனமாம், இடப்பக்கத் தொட்டியில தண்ணி விட்டுட்டிருக்கோம்."

"நிறுத்துங்க! திரையை நம்பாதீங்க. கப்பல் எந்தப் பக்கம் சாயுதுன்னு கண்ணால பாருங்க!"

மறுமுனையில் காலடி ஓசை. யாரோ கத்தினார்கள்.

"இடப்பக்கம்," என்றார் கேப்டன். "தண்ணியை அடைச்சாச்சு."

சுன்னிவா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.