கொல்லைப் படியில் வைத்த கஞ்சி

கொல்லைக் கதவு தடதடவென்று அதிர்ந்தது.

சமையலறையில் சிம்னி விளக்கை அப்போதுதான் ஏற்றி மாடத்தில் வைத்த செல்வாம்பாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். மருந்து வாங்கப் போன கணவன் பக்கிரி மழைக்குப் பயந்து குறுக்கு வழியாக வந்துவிட்டான் என்று நினைத்துத் தாழ்ப்பாளில் கை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது.

மறுபடியும் தட்டும் சத்தம். அது கதவின் கீழ்ப்பாதியிலிருந்து வந்தது. அவள் முழங்கால் உயரத்திலிருந்து.

"யாரு?" என்றாள்.

மழை மட்டும் ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

அவள் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பாயில் கலியன் சுருண்டு கிடந்தான். மகனுக்கு நாலு வயது. மூத்தவை இரண்டும் அவளுக்குத் தங்கவில்லை. மிஞ்சியது இவன் ஒருவன். இவனுக்கும் காய்ச்சல் இறங்கவே இல்லை என்றுதான் பாகூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு புதுச்சேரிக்கு வந்திருந்தார்கள்.

வரும்போது அவள் மதிலைத் தேடினாள். புதுச்சேரி என்றால் கோட்டை, வானத்தை முட்டும் மதில் என்று சின்ன வயதில் கேட்ட கதை அவள் மனசில் இருந்தது. பக்கிரி சிரித்தான். மதிலை எந்தக் காலத்திலோ இங்கிலீஷ்காரன் வெடி வைத்துத் தகர்த்துவிட்டான், அது நின்ற இடத்தில்தான் இப்போது புல்வார் சாலை ஊரைச் சுற்றி ஓடுகிறது என்றான். வண்டி அந்தச் சாலையைக் கடக்கும்போது அவள் தோளைத் தட்டி, "தலையக் குனிஞ்சுக்கடி, கோட்ட வாசல் இடிக்கப் போவுது" என்றான். காய்ச்சலிலும் கலியன் தலையைக் குனிந்துகொண்டான்.

தங்க இடம் கொடுத்தவள் ரோசா. தனியாக வாழும் விதவை. வீட்டின் வாசல் ஊருக்குள் பார்த்தது. கொல்லைக் கதவு நேரே புல்வார் பக்கம் திறந்தது. பின்சுவரின் அடியில் பழைய மதிலின் செங்கல் வரிசை இன்னும் தெரிந்தது. வந்த அன்றே ரோசா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"வெளக்கு வச்சப்புறம் கொல்லக் கதவத் தெறக்காத. யாரு கூப்புட்டாலும் சரி."

"ஏன்க்கா, திருடன் வருவானா?"

"திருடன் வந்தா பரவாயில்லியே" என்றாள் ரோசா.

பிறகு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, போன வாரம் நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். மதிலை உடைக்கும் முன் இங்கிலீஷ்காரன் ஊரை முற்றுகையிட்டபோது கோட்டைக்குள் அரிசி தீர்ந்துகொண்டே வந்ததாம். சிப்பாய்களுக்குச் சோறு வேண்டுமென்று துரைமார் ஊர் ஜனங்களை மதிலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் பீரங்கியோடு நின்று வழி விடவில்லை. இந்தப் பக்கம் மதில் மேலிருந்து சுட்டார்கள். நடுவில் பசியோடு பெண்டு பிள்ளைகள், கதவைத் தட்டித் தட்டி.

"மதிலு போயிடுச்சு," என்றாள் ரோசா. "அத அதுங்களுக்கு யாரு போய்ச் சொல்றது?"

இன்று சாயங்காலம் ரோசா மாதா கோயிலுக்குக் கிளம்பிப் போனாள். செத்தவர்களின் ஆத்துமாக்களுக்கு ஜெபம் சொல்லும் நவம்பர் மாசம் அது. அவள் போன பிறகு கொல்லைப்படியில் ஒரு சட்டி நிறையக் கஞ்சி இருப்பதைச் செல்வாம்பாள் பார்த்தாள். ஆற வைத்தவள் மறந்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்தாள். மழை தூற ஆரம்பித்திருந்தது. அரிசியை மழையில் கெட விடுகிற வழக்கம் அவள் ஊரில் கிடையாது. விளக்கு வைக்கத்தான் இன்னும் நேரம் இருக்கிறதே என்று கதவைத் திறந்து சட்டியை உள்ளே எடுத்துக்கொண்டாள். உப்புப் போட்டுக் கலியனுக்கு ஊட்டினாள். அவன் இரண்டு வாய்க்கு மேல் வாங்கவில்லை. மீதியை அவளே குடித்தாள்.

இப்போது அடுப்போரம் இருந்த காலிச் சட்டியைப் பார்த்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது.

அது மறந்து வைத்த கஞ்சி இல்லை.

தட்டும் சத்தம் நின்றது. இப்போது சுரண்டல். கதவின் அடியில் ஒரு கை. பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு சுவரின் நீளத்துக்கும், செங்கல்மேல் நகங்கள் ஊர்கிற சத்தம், மழைச் சத்தத்தோடு கலந்து, கலையாமல். கதவிடுக்கு வழியே ஒரு வாடை வந்தது. ஈரத்துணியும், வெந்த மண்ணும், பல நாள் பட்டினி கிடந்தவர்களின் வாய்நாற்றமும் சேர்ந்த வாடை.

அவள் கதவில் முதுகைச் சாய்த்து அழுத்தினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ரோசா அக்கா வந்துவிடுவாள். அவர் வந்துவிடுவார். அவருக்காக வாசல் கதவைத் தாழிடாமல்தானே வைத்திருக்கிறாள். கொஞ்ச நேரம். இன்னும் கொஞ்ச நேரம்.

"அம்மா."

கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, குளுருது."

கலியனின் குரல். கதவுக்கு வெளியிலிருந்து.

கூடத்துக்கு ஓடினாள். பாயில் போர்வை குவிந்து கிடந்தது. உதறினாள். பிள்ளை இல்லை.

அதற்கு மேல் அவள் எதையும் யோசிக்கவில்லை. ரோசா சொன்னதை, சட்டியை, நகங்களை. தாழ்ப்பாளை இழுத்தாள்.

படியில் கலியன் நின்றான். தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. அவனுக்குப் பின்னால் இருட்டும் மழையும்தான். வாரி எடுத்துக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்து முந்தானையால் துடைத்தாள். உடம்பு சில்லென்றிருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது. தெய்வமே, விட்டுவிட்டது. அவள் அவன் தலையில் முகம் புதைத்து அழுதாள். பின்னால் கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அவன் மடியிலிருந்து கை நீட்டிக் காலிச் சட்டியை இழுத்தான். உள்ளே விரலை விட்டு வழித்து நக்கினான். மறுபடி வழித்தான். ஒன்றும் இல்லாத சட்டியை.

கஞ்சி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற பிள்ளை.

வாசல் கதவு இடிபட்டது. கூடத்தில் பக்கிரியின் குரல் கோபமாக வந்தது.

"வாசலத் தெறந்து போட்டுட்டு உள்ள என்னாடி பண்றே? புள்ள எழுந்து தெருமொனைக்கு வந்து நிக்கிறான். ஒடம்பு அனலாக் கொதிக்குது."

அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். அவன் தோளில் கலியன். கண் சிவந்து, உதடு காய்ந்து, அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினான்.

பக்கிரியின் பார்வை அவள் மடிக்கு இறங்கியது. தோளில் இருந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டான்.

அவள் மடியைக் குனிந்து பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். கொல்லை வாசற்படியிலிருந்து ஈரக்கால் தடங்கள். சின்னவை. பெரியவை. ஒன்றின்மேல் ஒன்றாக, அவளைச் சுற்றிக்கொண்டு, பக்கிரியின் காலடியைத் தாண்டி, இருண்ட கூடத்துக்குள். எல்லாம் உள்நோக்கி.

சில்லிட்ட ஒரு கை அவள் கன்னத்தைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பியது.

"கதவச் சாத்திடும்மா. நாங்க எல்லாரும் உள்ள வந்துட்டோம்."